இருக்கும் கோப்பை இல்லை என்ற கருவி

மதுரையில் ஒரு சிறிய பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் அக்கா ஒருவர் ஒருநாள் மாலை தொலைபேசியில் அழைத்து, "தம்பி, கோப்பு என் கண்ணு முன்னாடி இருக்கு. உங்க புரோகிராம் மட்டும் இல்லை இல்லைன்னே சொல்லுது" என்றார். அவர் சொன்ன புரோகிராம், டிஸ்கி, டாம், டாப், பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில் (எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறைகளில்) தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் கோப்புகளை, இன்றைய பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு மாற்றுவதற்காக நான் பைதானில் எழுதிய சிறு கட்டளைவரிக் கருவி. என் சொந்தத் தேவைக்காக எழுதியது, கேட்டவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து ஏழெட்டுப் பேரின் கணினிகளில் குடியேறியிருந்தது. சாளரமும் பொத்தானும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி, பின்னால் கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயரைத் தவறாகத் தட்டியிருப்பார் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரைப் பற்றி அப்படி நினைத்தது இன்று கூச்சமாக இருக்கிறது. திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். கோப்பின் பெயர் 'கோவில் மணி 3'. இரண்டு இடங்களில் இடைவெளி. மேற்கோள் குறி போடாமல் தட்டினால், கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் என்ற நிரல் அதை மூன்று துண்டாக்கி, 'கோவில்', 'மணி', '3' என்று மூன்று தனித்தனிப் பெயர்களாகக் கருவியிடம் ஒப்படைக்கும். ஒரே நேரத்தில் பல கோப்புகளை மாற்றும் வசதி என் கருவியில் இருந்ததால், அது எந்தச் சந்தேகமும் கொள்ளாமல் 'கோவில்' என்ற கோப்பைத் தேடிப்போய், கிடைக்காமல், "பிழை: கோப்பு இல்லை" என்று மூன்று சொல்லில் முடித்துக்கொண்டது. எந்தக் கோப்பு இல்லை என்று அது சொல்லவில்லை. 'கோவில்' என்ற ஒரு சொல்லை மட்டும் அந்தச் செய்தியில் சேர்த்திருந்தால், அவர் என்னை அழைத்திருக்கவே மாட்டார்.

இதில் என்னை மிகவும் வருத்திய செய்தி ஒன்று உண்டு. கருவியின் முதல் பதிப்பில் பிழைகளை நான் கையாளவே இல்லை. கோப்பு கிடைக்காவிட்டால் பைதான் தன் வழக்கப்படி ஒரு பக்க நீளத்துக்கு அழைப்புத் தொடரை, அதாவது நிரலின் எந்தெந்த வரி வழியாகப் பிழைக்கு வந்தது என்ற பட்டியலை, கொட்டும், அதன் கடைசி வரியில் கிடைக்காத கோப்பின் பெயரும் மேற்கோள் குறிக்குள் இருக்கும். அந்தக் குப்பையைப் பார்த்துப் பயனர் மிரளக்கூடாது என்று எண்ணி, அதைப் பிடித்து நிறுத்தி, அதற்குப் பதிலாக "பிழை: கோப்பு இல்லை" என்ற அழகான தமிழ் வரியை வைத்தேன். செய்தியைத் துடைத்துப் பளபளப்பாக்கிய கையோடு அதில் இருந்த ஒரே பயனுள்ள தகவலையும் துடைத்து எறிந்திருந்தேன்.

அந்த வாரம் செய்த திருத்தம் எளிது: பெயரைச் சொல், மேற்கோள் குறிக்குள் சொல். "'கோவில்' என்ற கோப்பு இல்லை" என்று வந்தவுடனேயே, பெயர் எங்கே வெட்டுப்பட்டது என்பது கண்ணில் படும். இடைவெளிகளும் பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டுவரும் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் மேற்கோள் குறி இல்லாவிட்டால் புலப்படவே புலப்படா. இன்னொரு படி மேலே போய், கிடைக்காத பெயர்களை இடைவெளி விட்டுச் சேர்த்துப் பார்த்து, அப்படி ஒரு கோப்பு உண்மையிலேயே இருந்தால், "'கோவில் மணி 3' என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதைக் குறிப்பிட்டிருந்தால் பெயரை மேற்கோள் குறிக்குள் கொடுக்கவும்" என்று சொல்ல வைத்தேன். பத்து வரி நிரல்கூட இல்லை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தபோது, சில மாதங்கள் கழித்து அவரே மீண்டும் அழைத்தார். இம்முறை பெயர் 'கோடைமழை'. இடைவெளி இல்லை, எழுத்துப் பிழை இல்லை. கோப்புறையைப் பட்டியலிட்டால் 'கோடைமழை' இருக்கிறது. கருவியோ 'கோடைமழை' என்ற கோப்பு இல்லை என்கிறது. இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், மயிரிழை வேறுபாடு இல்லை. பாதியைத் தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தி மீதியை நிரப்பச் சொன்னால் மட்டும் வேலை செய்ய வாய்ப்புண்டோ என்று பார்த்தோம். முதல் எழுத்தைத் தட்டாமல் டேப்பை அழுத்தியபோது வேலை செய்தது. முதல் எழுத்தைக் கையால் தட்டினால் டேப்பும் கைவிட்டது.

அந்த முதல் எழுத்துதான் வில்லன். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க என்ற எழுத்தும் ஓகாரக் குறி என்ற ஒரே குறியுமாக எழுதலாம், அல்லது க, அதன்பின் ஏகாரக் கொம்பு, அதன்பின் கால் என்று மூன்றாகப் பிரித்தும் எழுதலாம். ஒகர, ஔகார உயிர்மெய்களுக்கும் இதே கதைதான். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரம் சொல்கிறது, எழுத்துரு இரண்டையும் ஒரே மாதிரி வரைந்து காட்டுகிறது, ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமை பெயரை வெறும் பைட்டுகளின் வரிசையாக மட்டுமே பார்க்கும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களை இப்படிப் பிரித்துத்தான் சேமித்தது. பதிப்பகத்தின் பழைய மேக்கில் யாரோ ஜிப் செய்து வைத்திருந்த கோப்புகளை அக்கா தன் உபுண்டு (லினக்ஸ்) கணினியில் விரித்திருக்கிறார். விசைப்பலகையோ சேர்ந்த ஓகாரத்தைத் தருகிறது. 'கோப்பு' என்ற சொல்லிலேயே அந்த ஓகாரம் இருப்பதை அன்று இரவு கவனித்துத் தனியாகச் சிரித்தேன்.

இந்த முறை செய்தியை மட்டும் மேம்படுத்துவது முறையாகாது என்று தோன்றியது. "நீங்கள் தட்டிய ஓகாரமும் கோப்பில் உள்ள ஓகாரமும் வேறு" என்று எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் பயனர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? பெயர் கிடைக்காவிட்டால், கோப்புறையில் உள்ள பெயர்களை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு, ஒன்றே ஒன்று பொருந்தினால் அதையே திறந்துவிட்டு, ஒரு வரிக் குறிப்பு மட்டும் தருமாறு மாற்றினேன். பயனரால் தீர்க்க முடியாத, கருவியால் தீர்க்க முடிந்த சிக்கலுக்குப் பிழைச்செய்தி எழுதுவது, வேலையைத் தட்டிக்கழிப்பதன் நாகரிகமான வடிவம் என்பது என் கருத்து.

இந்த 'இல்லை' எங்கிருந்து பிறக்கிறது என்று பார்த்தால், இயங்குதளத்தின் உட்கருவான கர்னல் திருப்பித் தருவது ஒரு சிறிய எண். லினக்ஸ் போன்ற, யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் 2 என்றால் அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. அந்த எண்ணோடு பெயர் வராது, காரணம் வராது. கீழ்த்தளத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மேல்தளத்தில் இருக்கும் நிரலுக்கோ பயனர் என்ன கேட்டார், அதற்காகத் தான் எந்தப் பெயரைத் தேடியது என்பதெல்லாம் தெரியும், ஆனால் என்ன நடந்தது என்பது தெரியாது. இந்த இரண்டு அறிவும் சந்திக்கும் இடத்தில் நின்று எழுதினால்தான் செய்தி உருப்படும். நாமோ பிழை விழுந்த இடத்தில் நின்றபடியே எழுதிவிட்டுப் போகிறோம். பயனர் நிற்கும் இடம் அங்கிருந்து வெகுதூரம்.

லினக்ஸில் புழங்குகிறவர்கள் பலர் பட்ட ஓர் அனுபவத்தைச் சொன்னால் இது விளங்கும். விண்டோஸில் எழுதிய ஷெல் நிரல் ஒன்றை லினக்ஸுக்குக் கொண்டுவந்து இயக்கினால், "அப்படி ஒரு கோப்போ கோப்புறையோ இல்லை" என்று முடியும் செய்தி வருவதுண்டு. கோப்பு அங்கேயேதான் இருக்கும். இல்லாதது வேறொன்று: முதல் வரியில், இந்த நிரலை இயக்குவதற்கு அழைக்கச் சொல்லியிருக்கும் பாஷ் என்ற ஷெல்லின் பெயருக்குப் பின்னால் விண்டோஸின் வரிமுடிவுக் குறி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்க, அந்தக் குறியோடு சேர்ந்த பெயரில் எந்த நிரலும் முறைமையில் இல்லை. கர்னல் அதற்கும் அதே 2ஐத்தான் தருகிறது. எது இல்லை என்று தெளிவாகச் சொல்லாத 'இல்லை', எத்தனையோ பேரின் இரவுகளைத் தின்றிருக்கும். 2022இல் வெளிவந்த பாஷ் 5.2, இயக்கச் சொன்ன கோப்பு இருந்தும் இப்படி நேரும் இடத்தில், இயக்க முடியவில்லை, தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்று பிரித்துச் சொல்லத் தொடங்கியது. சிறு மாற்றம்தான், ஆனால் தேட வேண்டிய இடத்தை மாற்றிவிடுகிறது.

முன்னோர்கள் இதைவிடச் சிக்கனமாக இருந்தார்கள். 1969இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸுக்காக எழுதிய 'எட்' என்ற உரைத்திருத்தி, எது தவறாகப் போனாலும் ஒற்றைக் கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். இன்றுள்ள 'எட்' நிரலிலும் அதே கேள்விக்குறிதான் வரும், விளக்கம் வேண்டுமானால் 'எச்' என்று தட்டிக் கேட்க வேண்டும். அதைக் கேலி செய்வது எளிது. அக்காலத்து டெலிடைப், விநாடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் தாளில் தட்டி அச்சிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால், முழு வாக்கியம் ஒன்றுக்காக ஐந்தாறு விநாடி கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைவிடக் கேள்விக்குறியே மேல் என்று அவர்கள் முடிவெடுத்ததில் நியாயம் தெரிகிறது. என்னுடைய "பிழை: கோப்பு இல்லை"க்கு அப்படி எந்த நியாயமும் இல்லை.

மூன்றாவது தொலைபேசி அழைப்பு அக்காவிடமிருந்து வரவில்லை, அந்தப் பதிப்பகத்தின் பக்க வடிவமைப்பாளரிடமிருந்து வந்தது, குரலிலும் சூடு இருந்தது. மாற்றிய நாவலின் மெய்ப்புப் படியில், கதாநாயகி ரயிலேறும் இடத்தில், பத்திக்கு நடுவே "எச்சரிக்கை: 212ஆம் வரியில் அறியாத எழுத்து" என்று அச்சாகியிருந்தது. கருவியின் வெளியீட்டை அவர் கோப்பு ஒன்றுக்குத் திருப்பிவிட்டிருந்தார். நான் எச்சரிக்கைகளையும் மாற்றிய உரையையும் ஒரே வாய்க்காலில் ஓடவிட்டிருந்தேன். பிழைகளுக்கென்று தனி வாய்க்கால் ஒன்று யூனிக்ஸில் இருப்பது எனக்குத் தெரியும், சோம்பலில் விட்டுவிட்டேன்.

அந்தத் தனி வாய்க்கால் பிறந்த கதையும் அச்சுக்கூடத்துக் கதைதான் என்பது பின்னர் தெரியவந்தபோது சற்று ஆறுதலாக இருந்தது. 1970களில், யூனிக்ஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் ஒளிவழி அச்சுக்கோக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. நீண்ட தாளை நாற்றமடிக்கும் வேதிக்கரைசல் இயந்திரத்தில் விட்டுப் பல நிமிடங்கள் காத்திருந்தால்தான் எழுத்து தெரியும். ஒரு பிற்பகல், பலர் அப்படிக் காத்திருந்து எடுத்துப் பார்த்தபோது, கட்டுரைக்குப் பதிலாக, கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற ஒரே வரி மிக அழகாக அச்சுக்கோக்கப்பட்டு இருந்ததாக அங்கே பணியாற்றிய ஸ்டீபன் ஜான்சன் எழுதியிருக்கிறார். எழுந்த முணுமுணுப்பு உரியவர்களின் காதில் விழ, ஓரிரு நாளில் பிழைகளுக்கான தனி வெளியீடு உருவாயிற்று. அவர்கள் தீர்த்துவைத்ததை ஐம்பது ஆண்டுகள் கழித்து நான் மறுபடியும் மதுரையில் அச்சேற்றிவிட்டேன்.

இதோடு தொடர்புடையது நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண். வெற்றி என்றால் 0, தோல்வி என்றால் வேறெதுவும். கோப்புகளில் சொல்லைத் தேடும் 'கிரெப்' நிரல், தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, பிழை நேர்ந்தால் 2 என்று வேறுபடுத்தும். மனிதர் படிக்கும் செய்தியோடு, அடுத்து ஓடவிருக்கும் நிரல் படிக்கும் செய்தியும் சரியாக இருக்க வேண்டும். அதையும் அப்போதே சரிசெய்தேன்.

உதவிக்குறிப்புக்கு வருகிறேன். என் கருவி எந்தச் சிறு தவறுக்கும் முழு உதவிக்குறிப்பையும், அதாவது அறுபது வரிகளை, அச்சிட்டுவந்தது. பிழை என்ன என்பது முதல் வரியில் இருக்கும். இருபத்து நான்கு வரி உயரமுள்ள முனையத்தில் (கட்டளை தட்டும் திரையில்) அது மேலே ஓடி மறைந்துவிடும், பயனரின் கண்ணுக்கு எஞ்சுவது உரிமம் பற்றிய பத்தி. கேட்காதவரிடம் முழுப் புராணத்தையும் ஒப்பிப்பது உதவியாகாது. இப்போது பிழை நேர்ந்தால் பிழை மட்டும், அதுவும் கடைசி வரியாக. உதவி கேட்டால் மட்டுமே உதவி, அதுவும் வழக்கமான வெளியீட்டில், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்க்க ஏதுவாக. லினக்ஸில் புழங்கும் பல கட்டற்ற நிரல்களை உருவாக்கிய குனூ திட்டத்தின் நிரல் எழுதும் விதிகளும் உதவியை அங்கேதான் அனுப்பச் சொல்கின்றன. உதவிக்குறிப்பின் தொடக்கத்தில் இருந்த விளக்க உரையைத் தூக்கிவிட்டு மூன்று எடுத்துக்காட்டுகளை வைத்தேன். யாரும் தெரிவுகளின் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பக் குறிகளின்) பட்டியலைப் படித்துக் கட்டளையைக் கட்டியெழுப்புவதில்லை, தன் தேவைக்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு வரியைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு தவறான சொல்லைத் தட்டினால் 'இதைச் சொன்னீர்களா?' என்று கேட்பது இப்போது பரவலான பழக்கம். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் 'கமிட்' என்ற கட்டளையில் ஓர் எழுத்தை விட்டுத் தட்டினால், அதற்கு நெருக்கமான கட்டளையை அது எடுத்துக்காட்டும். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணும் லெவென்ஷ்டைன் தொலைவு என்ற 1965ஆம் ஆண்டுக் கணக்கு முறையின் வழிவந்தது இது. ஆசையோடு என் கருவியிலும் சேர்த்தேன், குறியேற்றப் பெயர்களுக்கு. அங்கேதான் சறுக்கியது. டாம், டாப் இரண்டும் 1999இல் தமிழக அரசு அறிவித்த இரு வேறு குறியேற்றங்கள், முன்னது தமிழுக்கு மட்டுமானது, பின்னது ஆங்கிலத்தையும் சேர்த்தது. பெயர்களுக்கு இடையே ஓரெழுத்துத் தொலைவுதான், உள்ளடக்கத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. கருவியின் ஊகத்தை நம்பித் தவறானதைத் தேர்ந்தால் முழு நாவலும் கொத்துபரோட்டா ஆகிவிடும், அதுவும் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல். ஆகவே ஊகிப்பதை விட்டுவிட்டு, இருக்கும் பெயர்கள் அனைத்தையும் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அடையாளம் ஒன்றைச் சொல்கிறேன்: கோப்பைச் சாதாரண எழுத்துருவில் திறக்கும்போது 'நான்' என்ற சொல் ஈ, எச், டி என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது பாமினி. இந்த ஒரு வரி பெற்றுத் தந்த நன்றிகள் மற்றவை எல்லாவற்றையும்விட அதிகம்.

தமிழில் பிழைச்செய்தி எழுதுவது தனிக் கலை என்பதையும் இந்த வேலையில்தான் கற்றேன். முதலில் வேற்றுமை உருபு. நிரல் ஓடும்போது நிரப்பப்படும் பெயரோடு 'ஐ'யை ஒட்டினால், 'கதை' 'கதையை' ஆவதும் 'மரம்' 'மரத்தை' ஆவதும் நிரலுக்குத் தெரியாது. 'என்ற கோப்பு' என்று ஒரு பெயர்ச்சொல்லைப் பின்னால் வைத்து, உருபை அதன்மேல் ஏற்றிவிட்டால் தப்பிக்கலாம். அடுத்தது வினைமுற்று. நம் வாக்கியத்தில் என்ன ஆயிற்று என்பது கடைசியில்தான் தெரியும். "ஆவணங்கள், 2003, நாவல்கள், இரண்டாம் பதிப்பு" என்று கோப்புறைக்குள் கோப்புறையாக நீளும் பாதையை வாக்கியத்துக்குள் வைத்தால், 'முடிந்தது' 'முடியவில்லை' என்ற தீர்ப்பு மூன்றாவது வரியில் போய் விழும். எனவே "மாற்ற முடியவில்லை: படிக்க அனுமதி இல்லை" என்று முதலில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, பாதையை அடுத்த வரியில் தனியாக வைக்கிறேன். இலக்கண நயம் சற்றுக் குறையும், கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

உதவிக்குறிப்பை இரண்டு நெடுவரிசையாக நேர்நிறுத்தும் ஆசையையும் கைவிட வேண்டியிருந்தது. 'கோப்பு' என்பது நம் கணக்கில் மூன்று எழுத்து, பைதானின் கணக்கில் ஆறு, முனையத்தில் அது பிடிக்கும் இடமோ எழுத்துருவைப் பொறுத்தது. எத்தனை வெற்றிடம் இட்டாலும் வலப்பக்க நெடுவரிசை பாம்புபோல் நெளிந்தது. தெரிவை ஒரு வரியிலும் விளக்கத்தை அதன்கீழ் உள்தள்ளியும் எழுதியதும் நெளிவு நின்றது.

பிறகு தொனி. பல ஆங்கிலச் செய்திகள் பயனரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றன, அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் 'சட்டவிரோதமான தெரிவு' என்று காவல் நிலையக் குரல் வந்துவிடும். இதற்கு மாறாக, எதையும் சேர்க்கச் சொல்லாமல் புதிய தொகுப்பை உருவாக்கச் சொன்னால், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டும் குனூ 'டார்' நிரல் வெற்றுத் தொகுப்பை உருவாக்கக் கோழைத்தனமாக மறுப்பதாகத் தன்னையே பழித்துக்கொள்ளும். நகைச்சுவை எல்லா இடத்திலும் செல்லாது, ஆனால் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் அந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது. முழு முறைமையையும் அழிக்கச் சொன்னால், கோப்புகளை நீக்கும் 'ஆர்எம்' நிரல், அது ஆபத்தானது என்று சொல்லி நிறுத்திவிட்டு, உண்மையிலேயே வேண்டுமென்றால் எந்தத் தெரிவைச் சேர்க்க வேண்டும் என்பதையும் அடுத்த வரியில் சொல்லும். மறுப்பு, காரணம், வழி, மூன்றும் இரண்டு வரிகளில். செய்தி எழுதும்போதெல்லாம் அந்த இரண்டு வரிகளை நினைத்துக்கொள்கிறேன்.

சென்ற மாதம் புதிய பதிப்பை எல்லோருக்கும் அனுப்பினேன். அக்காவிடமிருந்து அன்றே அழைப்பு வந்தது. எந்தக் கோப்பு இல்லை என்கிறது என்று கேட்டேன். "எல்லாம் நல்லாத்தான் மாறுது தம்பி. ஒண்ணுல மட்டும் 'கோப்பை திறக்க முடியவில்லை'ன்னு வந்துச்சு, அனுமதி இல்லைன்னும் போட்டிருந்துச்சு, நானே சரிபண்ணிட்டேன். ஆனா நடுவுல த் போட மறந்துட்டீங்க. ஒற்று இல்லைன்னா அது டீ குடிக்கிற கோப்பை."

அன்றிரவே த் சேர்த்தேன்.